காளான் கிட்டா, வித்துப் பையா? வீட்டில் வளர்த்துப் பார்த்தபின் என் மதிப்பீடு

காளான் கிட் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாசத்துல போடப் போறீங்க? பெட்டியின் விலை, விற்பவர் பெயர், நட்சத்திரக் குறி எல்லாம் அதற்குப் பிறகு. நம் சமவெளி ஊர்களில் காளான் வருமா வராதா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது வெயில். மிச்சத்தைத் தீர்மானிப்பது வித்தின், அதாவது காளானுக்கு விதையாகப் போடுவதன் வயது. இந்த இரண்டைப் பற்றியும் பெட்டியில் ஒரு வரி கிடையாது. "வருடம் முழுவதும், யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாங்கப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கோயம்புத்தூரில், வடவள்ளிப் பக்கம். தனி வீடு. பின்னால் துணி துவைக்கும் இடம், ஒரு மாமரம், மேலே மொட்டை மாடி. ஆன்லைனில் இரண்டு வெவ்வேறு இடங்களில் கிட் வாங்கியிருக்கிறேன். வித்து மட்டும் வாங்கி, வைக்கோலில் நானே பெட் (வைக்கோலும் வித்தும் அடுக்கிய பை) போட்டும் வளர்க்கிறேன். வீட்டுக்குள், வீட்டுக்கு வெளியே இரண்டும் பார்த்தாயிற்று. கிட் விற்றவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறை ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும்.

கிட் என்று வருவது ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய வைக்கோலோ மரத்தூளோ, அதில் ஏற்கெனவே வித்து பரவி வெள்ளையாகப் பூத்திருக்கும். கூடவே தண்ணீர் தெளிக்க ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில், ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு துண்டுத்தாள். விலை ஐநூறு ரூபாயை ஒட்டி. பெட்டியில் உள்ள ஜன்னல் வழியே பையைக் கீறிவிட வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வித்து பரவும் கட்டம் என்ற, பொறுமையைச் சோதிக்கும் பகுதியை அவர்களே முடித்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

முதலில் வாங்கிய வெள்ளைச் சிப்பிக்காளான் கிட்டைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம் அது, கோவையில் அதைவிடத் தோதான காலம் கிடையாது. கீறிய இடத்தில் சில நாள் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் கீறலின் ஓரமெல்லாம் கடுகு சிதறினாற்போலச் சாம்பல் நிறப் புள்ளிகள். சாயங்காலம் பார்க்கும்போது அவற்றுக்குக் கழுத்து தெரிந்தது. மறுநாள் தலை விரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே கொத்தாகப் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை அளவுகோல் வைத்து அளந்தாள். செடியில் இந்த வேகத்தை அவளால் பார்க்க முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரே ஒரு முறையாவது கிட் வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

பறிக்கும் நேரம் முக்கியம், துண்டுத்தாளில் அது சரியாக இல்லை. குடையின் ஓரம் லேசாக உள்பக்கம் மடிந்திருக்கும்போதே கொத்தாகப் பிடித்துத் திருகி எடுத்துவிட வேண்டும். ஓரம் நேராகி மேல்நோக்கி வளைய ஆரம்பித்தால் சதை ரப்பராகிவிடும். அதைவிட முக்கியமாக, அடியில் இருக்கும் மடிப்புகளிலிருந்து ஸ்போர் எனும் நுண்ணிய தூள் கொட்ட ஆரம்பிக்கும். சிப்பிக்காளான் கொட்டும் தூளின் அளவு சாதாரணம் இல்லை. ஒரு நாள் விட்டாலே கீழே இருக்கும் கருப்புக் கல்லில் வெள்ளையாகப் படியும். காளான் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தூளால் இருமலும் மூச்சுத்திணறலும் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியும் ஹாலில் இல்லை, படுக்கையறையில் நிச்சயம் இல்லை. "உங்கள் படுக்கையறை மேசையிலும் வளர்க்கலாம்" என்று படம் போட்டு விற்பதை நான் பொறுப்பற்ற செயல் என்றே சொல்வேன். ஆஸ்துமா இருப்பவர், கைக்குழந்தை, வயதானவர் யாராவது வீட்டில் இருந்தால் கிட்டைப் பின்கட்டில் வையுங்கள். சரியான நேரத்தில் பறித்துவிட்டால் தூள் பிரச்சினை பெரும்பாலும் வராது, இருந்தாலும் இடம் அதுதான்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது என்பதில் இன்னொரு குழப்பம் உண்டு. காளான் என்றால் இருட்டு வேண்டும் என்று நினைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இருட்டு தேவைப்படுவது வித்து பரவும்போது. மொட்டு வரும் நேரத்தில் சிப்பிக்காளானுக்கு வெளிச்சம் வேண்டும். நேர் வெயில் அல்ல, புத்தகம் படிக்கும் அளவு வெளிச்சம். காற்றும் வேண்டும். அதுவும் நம்மைப்போல் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயு சுற்றித் தேங்கினால் தண்டு நீண்டுகொண்டே போகும், குடை பொத்தான் அளவில் நின்றுவிடும். அப்படி வந்தால் வித்தைக் குறை சொல்ல வேண்டாம், ஜன்னலைத் திறங்கள். எங்கள் வீட்டில் சரிப்பட்ட இடம் துணி துவைக்கும் இடத்தின் மூலை. மேலே ஓடு, ஒரு பக்கம் ஓட்டை ஓட்டையான ஜாலிச் சுவர், கீழே எப்போதும் ஈரத்தரை. பையைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீரைச் சாக்கிலும் தரையிலும் தெளியுங்கள். மொட்டின் மேலேயே அடித்தால் அது மஞ்சளாகி அழுகும்.

இரண்டாவது கிட் இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான், வேறு இடத்தில் வாங்கியது. இது வெயிலைக் கொஞ்சம் தாங்கும் ரகம், 30 டிகிரியிலும் வரும். அதை நம்பித்தான் மாசிக் கடைசியில் வாங்கினேன். கொரியர் வண்டியிலும் குடோனிலும் கிடந்து வந்த பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை. பையின் அடியில் மஞ்சள் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் படலம். அது டிரைக்கோடெர்மா, காளான் வளர்ப்பவர்களின் நிரந்தரத் தலைவலி. காளான் வேர்போலப் பரப்பும் வெள்ளை இழை வலுவாக இருக்கும்வரை பச்சைப்பூசணம் எளிதில் நுழையாது. சூட்டில் அவிந்து இழை செத்த இடத்தைத்தான் அது பிடிக்கும். படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் தண்ணீர் அதிகமாகத் தெளித்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. பையை நான் கீறவே இல்லை. பிறகு பேசிப் பேசிப் பாதிப் பணம் திரும்ப வந்தது.

இதில் என் மனக்குறை பணம் அல்ல. அந்தப் பை எப்போது போடப்பட்டது என்று பெட்டியில் எங்கும் தேதி இல்லை. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது, ரொட்டியில் இருக்கிறது, உயிரோடு விற்கும் இந்தப் பொருளில் இல்லை. வித்து முழுக்கப் பரவிய பையை மாதக்கணக்கில் வைத்திருந்தால் இழை சோர்ந்துபோகும், மகசூல் குறையும். ஆகவே இனி வாங்குபவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பி, பை போட்ட தேதியைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வந்தவுடன் பெட்டியைத் திறந்து பாருங்கள். எல்லாப் பக்கமும் சீரான வெள்ளை, அழுத்தினால் கெட்டியாக இருப்பது, முகர்ந்தால் மழைக்குப் பிறகு வரும் மண்ணின் வாடை, இது நல்ல பை. பச்சை, கருப்பு, புளிப்பு வாடை, கொழகொழப்பு இருந்தால் கீறாமலே திருப்பி அனுப்புங்கள்.

இனி வித்துப் பைக்கு வருகிறேன். என் மனது சாய்ந்திருப்பது இந்தப் பக்கம்தான்.

கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மருதமலைச் சாலையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயிர் நோயியல் துறையில் காளான் வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி தருகிறார்கள், தாய் வித்து தயாரிப்பதிலிருந்து பெட் போடுவது வரை கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். மற்ற மாவட்டங்களில் இருப்பவர்கள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். வித்து என்பது வேகவைத்து ஈரம் உலர்த்திய சோளத்தில் காளானின் இழையை வளர்த்தது. கூடச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டால் சோளம் ஒன்றோடொன்று ஒட்டாது. நல்ல வித்துப் பையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சோளமும் பஞ்சு உடுத்தியிருப்பது தெரியும். உதிர்த்தால் தனித்தனியே உதிர வேண்டும். இந்தப் பைக்கு ஆகும் செலவு கிட்டின் விலைக்குப் பக்கத்திலேயே வராது.

வேலை அதிகம், மறைக்கவில்லை. பேரூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர் ஒருவரிடம் வைக்கோல் வாங்குகிறேன். மழையில் நனையாத, பொன்னிறம் மாறாத வைக்கோலாக இருக்க வேண்டும். பழுத்துக் கருத்தது ஆகாது. இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, பழைய அண்டாவில் போட்டு முக்கால் மணி நேரம் வேகவிடுகிறேன். பிறகு வடித்துச் சுத்தமான துணியில் நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். பதம் பார்ப்பதுதான் இதில் கலை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். சொட்டினால் இன்னும் கொஞ்சம் உலர்த்துங்கள். பெட் கெடுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் மிஞ்சின ஈரம்.

அதன்பிறகு இரண்டடி நீளப் பாலிதீன் பை. ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாகச் சுற்றி ஒரு கை வித்து, மறுபடி வைக்கோல், மறுபடி வித்து என்று ஐந்து அடுக்கு. அமுக்கி அமுக்கிப் போட வேண்டும், இடைவெளி விட்டால் இழை தாண்டாது. வாயைக் கட்டி, நடுவில் நாலைந்து துளை போட்டு இருட்டு மூலையில் தொங்கவிட்டால் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை. துளை போடுவதற்கும் கை கழுவுவதற்கும் ஸ்பிரிட் வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த பிறகு பையைக் கிழித்துத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தால் ஒரு வாரத்துக்குள் முதல் பறிப்பு, பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம்.

வைக்கோலை வேகவைக்காமல் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லியும் ஃபார்மலின் என்ற கிருமிநாசினியும் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடும் முறை ஒன்றும் இருக்கிறது. பெரிய அளவில் போடுபவர்களுக்கு விறகும் நேரமும் மிச்சம் என்பதால் அதைச் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபார்மலின் நெடி கண்ணை எரிக்கும், அதை ஊற்றிவிடக் குடியிருப்புப் பகுதியில் இடமும் இல்லை. நம் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கொடுக்கத்தானே வளர்க்கிறோம். அண்டாவும் அடுப்பும் போதும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் சிப்பிக்காளான் கிட்டும் வேண்டாம், வித்தும் வேண்டாம். இதை எனக்கு முதலில் பட்டென்று சொன்னது வித்து விற்கும் ஒரு பையன். "இந்த வெய்யில்ல சிப்பி போடாதீங்க்கா, காசு போயிரும். பால் காளான் எடுத்துட்டுப் போங்க, நம்ம வெய்யிலுக்கு அதுதானுங்க சரி" என்றான். வாங்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் எப்போதும் நம்புவேன்.

பால் காளான் வெளிநாட்டு இறக்குமதி இல்லை. கலோசைபே இண்டிகா என்ற அதன் அறிவியல் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. புர்காயஸ்தா, சந்திரா என்ற இருவர் 1974-ல் மேற்கு வங்கத்தில் கண்டு விவரித்த இனம் இது. அதைப் பண்ணைப் பயிராக்கியதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரிது, 1990-களின் கடைசியில் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரகம் வெளியானது. 30 முதல் 35 டிகிரி வரை அசராமல் வளரும். மற்ற காளான் எல்லாம் சுருளும் காலத்தில் இது நிமிரும்.

பெட் போடுவது சிப்பிக்காளானைப்போலத்தான். வித்துப் பரவியபின் ஒரு வேலை கூடுதல். பையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மேல் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் போட வேண்டும். செம்மண்ணும் மணலும் கால்சியம் கார்பனேட்டும் கலந்து, ஆவியில் வேகவைத்து ஆறவைத்த மண். அந்த மண் இல்லாமல் பால் காளான் மொட்டே வைக்காது. பல்கலைக்கழகத்தார் பரிந்துரைப்பது அரை ஆள் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து மேலே நீல நிற சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக் விரிப்பு) கூரை போட்ட குடில். நான் அவ்வளவு செய்யவில்லை. மாமரத்தடியில் பழைய கட்டில் சட்டத்தை நிறுத்தி, மேலே நீலத் தார்ப்பாய், சுற்றிலும் பச்சை நிழல்வலை, உள்ளே மணல் பரப்பி ஈரம். மண் போட்டுப் பத்து நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு ஊசி ஊசியாய் வந்தது. அடுத்த வாரம் பறிக்கும்போது ஒவ்வொன்றும் கைக்கு நிறைவான கனம், தந்த வெள்ளை, தண்டு முழுக்கச் சதை. சிப்பிக்காளானைப் பறித்த அன்றே சமைத்தால்தான் ருசி. பால் காளான் ஃப்ரிட்ஜுக்கு வெளியேகூட இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் ஊருக்கு எடுத்துப் போகவும் இதுதான் வசதி. கோவை, ஈரோடு, மதுரை, திருச்சி வெயிலில் இருப்பவர்கள் கிட் தேடாமல் நேராக இதற்கே வரலாம் என்பேன்.

வெளியில் வளர்ப்பதில் இன்னொன்று வைக்கோல் காளான். 1940-களின் தொடக்கத்திலேயே இந்தக் கோயம்புத்தூரில் அதைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வைக்கோலைக் கட்டுக் கட்டாக அடுக்கி நிழலில் போட்டால் இரண்டு வாரத்துக்குள் முட்டை முட்டையாக வரும். முட்டை உடைவதற்கு முன் பறிக்க வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் நீர்விட்டுக் கரைந்துவிடும். ருசி அபாரம், விளைச்சல் குறைவு. இடமும் ஆர்வமும் இருப்பவர்களுக்கு மட்டும்.

இப்போது ஆன்லைனில் சிங்கத்தின் பிடரிபோல் தொங்கும் லயன்ஸ் மேன் காளான், ஜப்பானியரின் ஷிடாகே காளான் கிட்டுகளும் வருகின்றன. முன்னது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி கேட்கும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்கள் வாங்கலாம். சமவெளியில் ஏசி ஓட்டி வளர்த்தால் மின்கட்டணத்துக்கு மூட்டை காளான் கடையில் வாங்கிவிடலாம். ஷிடாகே மரத்தூளில் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். மொட்டுக்காளான் (பட்டன் காளான்) கிட்டையும் குளிர் கேட்கும் என்பதால் தள்ளுகிறேன். நீலகிரியில் அது விளைவது அந்தக் குளிருக்கும் பக்குவப்படுத்திய கம்போஸ்ட்டுக்கும்தான்.

பறித்து முடிந்த வைக்கோலைத் தூக்கிப்போட வேண்டாம், தொட்டிச் செடிகளுக்கு நல்ல உரம். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தத் தொட்டியில் பிறகு வரும் எல்லாக் குடையும் நீங்கள் போட்ட காளான் அல்ல. ஈரத் தொட்டிகளில் பளிச்சென்ற மஞ்சள் குடைக்காளான் தானாகவே வரும், அது விஷம். ஈரம் மிஞ்சிய பெட்டிலேயே ஒல்லித் தண்டோடு வந்து சில மணி நேரத்தில் கருப்பு மையாக உருகும் காளானும் உண்டு. பைக்கு வெளியே வந்த எதையும், பெட்டிலேயே வந்தாலும் நீங்கள் போட்ட காளானாக இல்லாத எதையும் சமைக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். சின்னக் கருப்பு ஈக்கள் மொய்த்தால் நிழல்வலைக்குள் கொசுவலை ஒரு சுற்று கட்டுங்கள், மருந்து அடிக்க வேண்டாம்.

சமையலுக்கு: சிப்பிக்காளானைக் கத்தியால் வெட்டாமல் கையால் நார் நாராகக் கிழித்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, பெரிய தீயில் புரட்டி, கடைசியில் இடித்த மிளகு. தண்ணீர் விடக் கூடாது, அதுவே விடும். பால் காளான் குழம்புக்கு. கொங்குப் பக்கம் தேங்காயும் மல்லியும் வறுத்து அரைக்கும் குழம்பில் அது குழையாமல் நிற்கிறது. ரோட்டுக்கடைக் காளான் பழகிய என் மகள் இதைச் சாப்பிட்டபிறகு, அங்கே தட்டில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ்தான் என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

மதிப்பெண் கேட்டால்: ஆனி முதல் தை வரை வாங்கும் வெள்ளைச் சிப்பிக்காளான் கிட்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. விலை கூடுதல், ஆனால் சொன்னதைச் செய்கிறது. தேதி போடாத கிட் எதுவானாலும் ஒன்றுக்கு மேல் தர மாட்டேன். பல்கலைக்கழகத்தின் வித்துக்கும் பயிற்சிக்கும் நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், வித்து கேட்டதும் கையில் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. பால் காளான் வித்துக்கு முழுசாக ஐந்து.

கிட் விற்பவர்கள் இதைப் படித்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். பை போட்ட தேதியைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். தமிழ்நாட்டுக்கு அனுப்பும் பெட்டியில் தமிழில் ஒரு தாள் வையுங்கள், அதில் எந்த மாதத்தில் வாங்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். வெயிலில் விற்பனை குறையும்தான். குறையட்டும், அந்த மூன்று மாதம் பால் காளான் பை விற்கலாமே.